உட்கார்ந்தா அமுங்கிடும்

கடைக்கு இரண்டு பாதி. இடது பாதியில் அவர் பஞ்சர் ஒட்டுவார். வலது பாதியில் அவள் வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பாள். நடுவில் சுவர் கிடையாது, காற்றடிக்கும் கம்ப்ரசர்தான். அது ஓடும்போது இருவராலும் பேச முடியாது. ஓடாதபோது பேசுவதற்கு அப்படியொன்றும் இருக்காது. இதை வைத்து மனஸ்தாபம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அவர் கையை நீட்டினால் எதற்கு நீட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தால் டீ போடத்தான் என்று அவருக்குத் தெரியும். இப்படிக் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு வாய் எதற்கு?

எதற்கு என்பது ஒரே நாளில் தெரிய வந்தது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவருக்குக் குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போய்விட்டன. கால்களுக்குக் கொடுக்காததையெல்லாம் சேர்த்துத் தோளுக்குக் கொடுத்ததுபோல் மேல் உடம்பு. லாரி டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுப்பதற்கு மற்ற கடைகளில் இரண்டு ஆள் வேண்டும். இவர் பலகையில் உட்கார்ந்தபடியே ஒரு கடப்பாரையோடு முடித்துவிடுவார். எட்டு வருடங்களுக்கு முன் பைக்குக்குக் காற்றடிக்க வந்த ஒரு விளையாட்டு ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வச்சுக்கிட்டு டயரோட மல்லுக்கட்டுறீங்களே, வட்டு எறிஞ்சு பாக்கலாம்ல?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டு விட்டுவிடுவார் என்று அவள் நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே மைதானத்துக்குப் போய்விட்டார்.

நின்று எறிகிறவர்களைப்போல் சுழன்று எறிவதெல்லாம் இவர்கள் பிரிவில் கிடையாது. வட்டத்துக்குள் ஓர் இரும்பு நாற்காலியைச் சங்கிலி போட்டுத் தரையோடு பிணைத்துவிடுவார்கள். அதில் ஆளை உட்காரவைத்து, இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு இரண்டு என்று பெல்ட் போட்டுக் கட்டுவார்கள். இடது கையால் முன்னால் நிற்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வட்டை வீச வேண்டும். வீசும்போது உட்கார்ந்த இடத்திலிருந்து இம்மி எழும்பினாலும் சிவப்புக் கொடி. அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு நடுவர்கள் இரு பக்கமும் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மனுஷனின் பின்பக்கத்தை இவ்வளவு அக்கறையோடு கவனிக்கிற விளையாட்டு வேறு இல்லை என்று அவர் நண்பர் வெல்டர் சொல்வார்.

நாற்காலியைச் செய்தவர் அந்த வெல்டர்தான். பக்கத்துக் கடை. அவளைத் தங்கச்சி என்பார், அதனால் அவரை மச்சான் என்பார். பெல்ட் தைத்தது அவள். கட்டுவதும் அவள்தான்.

கட்டுவதில்தான் சூட்சுமம். இறுக்கிக் கட்டினால் அவர் முகம் சுருங்கும். முகம் சுருங்கினால் அவள் கை தானாக ஒரு துளை தளர்த்திவிடும். "வலிக்குதா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பார். அந்த வீட்டில் அதிகம் புழங்கிய வார்த்தை அதுதான். காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தாலும் ஒண்ணுமில்ல, கடப்பாரை விரலில் விழுந்தாலும் ஒண்ணுமில்ல.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், அவர் குளித்துவிட்டு வரும்போது முதுகின் அடியில் கன்றிப்போன தழும்பைப் பார்த்துவிட்டாள். புதிதும் பழையதுமாக நீலமும் மஞ்சளும். தசை இல்லாத இடம். எலும்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய திண்டு மட்டும்தான். "என்னங்க இது?" என்றாள். என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஆளைக் கேட்டுப் பயனில்லை என்று அவள் தன் வழியில் போனாள். கடையில் மிச்சமிருந்த நல்ல கெட்டி ஃபோமில் இரண்டு விரல் கனத்துக்கு வெட்டி, திண்டின் உறையைப் பிரித்து உள்ளே வைத்து, பிரித்த தடம் தெரியாமல் தைத்துவிட்டாள். அவரிடம் சொல்லவில்லை. அவரும் அன்று மைதானத்தில் உட்கார்ந்ததும் ஒரு நொடி அவளைப் பார்த்தார். கேட்கவில்லை.

அன்றிலிருந்துதான் வட்டு பறக்க ஆரம்பித்தது. அதுவரை எவ்வளவு முக்கினாலும் முப்பத்தொன்பது மீட்டரைத் தாண்டாத மனுஷன், நாற்பதைத் தாண்டினார். போகப்போக நாற்பத்திரண்டைத் தொட்டார். பாராலிம்பிக்குக்குப் போகத் தகுதித் தூரம் நாற்பது. பேரை வாங்க ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். விளையாட்டு ஆசிரியர் தன் பயிற்சி என்றார். வெல்டர் தான் போட்ட வெல்டிங் என்றார். அவளுடைய மாமியார் தான் காலையில் கொடுக்கிற முட்டைதான் காரணம் என்று தெருவெல்லாம் சொன்னாள். அவள் ஒன்றும் சொல்லாமல் உறை தைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

தேர்வுப் போட்டி வந்தது. அவர் பிரிவில் வட்டு எறிய ஓர் ஆளுக்குத்தான் இடம். தகுதித் தூரத்தைத் தாண்டியவர்களில் முதலில் வருகிறவர் போவார், மற்றவர்கள் வீட்டுக்கு. நாற்பத்து மூன்று வயதில் அடுத்த நான்கு வருடத்தை நம்பிக் காத்திருக்க அவருக்குத் தோள் இருக்குமா என்பது சந்தேகம். அவர் அதையும் சொன்னதில்லை. ஆனால் போட்டிக்கு முன் ஒரு வாரமாக, பஞ்சர் ஒட்டிய ட்யூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அது போதும்.

வெல்டர் தனக்குத் தெரிந்தவரிடம் சின்ன லோடு வண்டி ஒன்றை டிரைவரோடு இரவல் வாங்கி, நாற்காலியையும் இவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார். மைதானத்துக்குள் உதவிக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. வெல்டர் பார்வையாளர் படிக்கட்டுக்குப் போனார். அவள் நாற்காலியோடு உள்ளே போனாள்.

உள்ளே தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை. சுவரோரமாகச் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், தண்ணீர் பாட்டில்கள். ஆளுக்கொரு மூலையில் தோளை உருட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் வழுக்கைத் தலையோடு ஒரு நடுவர், கையில் அளவுகோலோடு எறி நாற்காலிகளை ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தார். இவர்கள் முறை வந்தது. அவர் ஒரு தடவை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை அளந்தார்.

"கொஞ்சம் உயரமா இருக்கேம்மா."

"இருக்காதுங்க. இரும்பு அளவெல்லாம் பாத்துத்தான் செஞ்சிருக்கு" என்றாள் அவள்.

"இரும்பு சரிதான். மெத்தையையும் சேர்த்து எழுபத்தஞ்சு சென்டிமீட்டருக்குள்ள வரணும். இது தாண்டுது."

"மெத்தைதானே சார். உட்கார்ந்தா அமுங்கிடும்."

நடுவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "ஆள் உட்கார்ந்த பிறகு நான் எங்கேம்மா கோலை வைக்கறது?"

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சீட் வேலை செய்கிறவர்களுக்கு ஃபோமின் அளவு என்றால் பாரம் ஏறிய பிறகு இருக்கிற அளவுதான். வெறும் ஃபோமின் உயரத்தை ஒரு வாடிக்கையாளரும் அவளிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு விவரம் போதாது என்று நினைத்திருப்பாள். ஊரில் எல்லோரும் இரும்பை அளந்தார்கள். ஃபோமை அளக்க ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் அது அங்கே இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

"போட்டி ஆரம்பிக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க, திரும்ப அளக்கறேன். இல்லேன்னா இதுல உட்கார முடியாது" என்று சொல்லிவிட்டு நடுவர் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். பையில் எப்போதும் கிடக்கிற வளைந்த ஊசி, மெழுகு நூல், ரெக்சின் கத்தி. திண்டைக் கழற்றித் தையலைப் பிரித்தாள். தடம் தெரியக் கூடாது என்று அவ்வளவு நெருக்கமாகப் போட்ட தையல், அதைப் பிரிக்க அவளுக்கே கண்ணைக் கட்டியது. அவர் சக்கர நாற்காலியில் பக்கத்திலேயே இருந்தார். ஃபோம் வெளியே வந்தது. இரண்டு விரல் கனம், சாம்பல் நிறம், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது.

"இதை எப்ப வச்ச?" என்று கேட்டார்.

"மழைக்காலத்துல."

அவர் கணக்குப் போட்டார். போடும்போதே அவர் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். மழைக்காலத்தில்தான் நாற்பதைத் தாண்டினார். உயரமான நாற்காலியிலிருந்து எறிந்தால் வட்டு கூடுதலாகப் போகும் என்பது மைதானத்தில் புல் பிடுங்குகிறவருக்குக்கூடத் தெரியும். அதனால்தானே அளவுகோலே. அப்படியானால் அந்த மூன்று மீட்டர் யாருடையது? அவர் கையுடையதா, அவள் வைத்த ஃபோமுடையதா?

"நான்தாங்க உங்கள ஏமாத்திட்டேன்" என்றாள். நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டதே. "நாற்பத்திரண்டு போகுது, நாற்பத்திரண்டு போகுதுன்னு எல்லாரும் நம்பிக்கிட்டிருக்கோம். அது இதுதானோ என்னமோ."

"ஒண்ணுமில்ல" என்றார் அவர். ஆனால் குரலில் காற்று இல்லை.

அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும். ஃபோமைத் தூக்கி எறிந்துவிட்டு, பழைய மெல்லிய துணியை மட்டும் வைத்துத் திண்டைத் தைத்து மூடினாள். நடுவர் வந்து அளந்தார். தலையாட்டினார். "இப்ப சரி" என்றார். அவளுக்கு அந்த ஆளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு ஒரு நியாயமும் இல்லை என்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

இந்தப் பிரிவில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரையும் கட்டி அவிழ்ப்பதே பெரிய வேலை என்பதால், ஆளுக்கு ஒன்றாக மாறி மாறி எறிய மாட்டார்கள். ஒருவர் உட்கார்ந்தால் ஆறு வீச்சையும் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அதன் பிறகு அடுத்தவர். முதலில் எறிகிறவன் தன் தூரத்தை வைத்துவிட்டு, மற்றவர்கள் எறிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சீட்டுக் குலுக்கியதில் இவருக்கு இரண்டாவது இடம். கடைசி இடம் பேங்க்காரருக்கு. பேங்க்காரர் என்றால் பேங்கில் வேலை பார்ப்பவர், இவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், போன வருடமே நாற்பதைத் தாண்டியவர். நல்ல மனுஷன் வேறு. எதிராளி கெட்டவனாக இருந்தால் மனசு பாட்டுக்கு வையலாம். அந்த வசதியும் இல்லை.

முதல் ஆள் முடித்துவிட்டுப் போனதும் நாற்காலியை வட்டத்துக்குள் வைத்துச் சங்கிலி போட்டார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் கட்டினாள். இடுப்பு பெல்ட்டை இழுத்ததும் அவர் முகம் சுருங்கியது. அடியில் இப்போது ஒன்றுமே இல்லையே என்று நினைத்ததும் அவள் கை வழக்கத்தைவிட இன்னொரு துளை தளர்த்தியது. "போதுமா?" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் வட்டத்தைவிட்டு வெளியே வந்தாள்.

முதல் வீச்சு. வெள்ளைக் கொடி, முப்பத்தாறு. கை பாதியிலேயே பயந்து நின்றதுபோல் இருந்தது. இரண்டாவதில் வேகம் இருந்தது, வட்டு நன்றாகவே போனது. ஆனால் பக்கத்தில் குனிந்திருந்த நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கினார். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டார். மூன்றாவதும் அப்படியே. வட்டு தரையில் விழுவதற்கு முன்பே சிவப்பு.

படிக்கட்டிலிருந்து வெல்டர் "விடு மச்சான், இன்னும் மூணு இருக்கு" என்று கத்தினார். இன்னும் மூன்றுதான் இருக்கிறது என்று அவளுக்குக் கேட்டது. முப்பத்தாறு. ஃபோம் வருவதற்கு முன்பு எறிந்ததைவிடக் குறைவு. வீட்டில் மாமியார் வாசலுக்கும் போனுக்கும் நடந்துகொண்டிருப்பாள். இரும்பில் எலும்பு இடிக்கிறது, இடிக்கும்போது உடம்பு தானாகத் துள்ளுகிறது, யார் என்ன செய்ய முடியும்?

அவர் கையைத் தூக்கி அவளைக் கூப்பிட்டார். அடுத்த வீச்சுக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த ஒரு நிமிடத்துக்குள் கட்டுவதானால் கட்டலாம். அவள் ஓடினாள்.

"இறுக்கிக் கட்டு."

"வலிக்கும்ங்க. அடியில வெறும் இரும்பு."

"துள்ளாம இருக்கணும்னா அசையக் கூடாது. அசையாம இருக்கணும்னா இறுக்கணும்."

அவள் இடுப்பு பெல்ட்டை இழுத்தாள். அவர் முகம் சுருங்கியது. அவள் கை நின்றது. அப்போதுதான் அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இங்க பாரு. புருஷன்னு நினைச்சுக் கட்டாத. சீட்டுன்னு நினைச்சுக் கட்டு."

அவள் ஒரு நொடி திகைத்தாள். பிறகு மூன்று பெல்ட்டையும் ஒரே மூச்சில் அவிழ்த்தாள்.

சீட்டுக்கு ரெக்சின் இழுப்பதென்றால் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் நடு. நடுவை நிலைநிறுத்திவிட்டால்தான் ஓரம் பேச்சைக் கேட்கும். ஒரு பக்கம் இழுத்தால் உடனே எதிர்ப் பக்கம். ஒரே பக்கமாக முடித்துக்கொண்டு போனால் சுருக்கம் விழும். கை வலு போதாத இடத்தில் முழங்காலைக் கொடுக்க வேண்டும். அவள் முழங்காலை இரும்புச் சட்டத்தில் ஊன்றி, இடுப்பு பெல்ட்டை இரண்டு கையாலும் இழுத்துக் கொக்கியை மாட்டினாள். இடது தொடை, வலது தொடை. திரும்ப இடது, திரும்ப வலது. அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் கை நின்றிருக்கும். கடைசியாக, உறை போட்டு முடித்த சீட்டைத் தட்டிப் பார்ப்பதுபோல் பழக்க தோஷத்தில் அவர் தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். கின்னென்று இருந்தது. குனிந்திருந்த நடுவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவள் வெளியே வந்து திரும்பியபோது அவர் வட்டைப் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்த இடது கையில் நரம்பு புடைத்தது. நாற்காலியும் அவரும் ஒரே இரும்பாக இருந்தார்கள். தோளுக்குக் கீழே ஒன்றும் அசையவில்லை. டயரை நெம்புகிறபோது அடிவயிற்றிலிருந்து வருமே ஒரு சத்தம், அந்தச் சத்தம் வந்தது. வட்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. அவள் வட்டைப் பார்க்கவில்லை, கொடியைத்தான் பார்த்தாள்.

வெள்ளை.

பலகையில் எண் வர நேரமானது. நாற்பத்தொன்று புள்ளி எட்டு. அவள் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். நாற்பத்திரண்டுக்கு ஒரு சாண் குறைவு. அதாவது இத்தனை மாதமும் அந்த ஃபோம் கொடுத்தது ஒரு சாண். மிச்சம் அத்தனையும் அவர் கை. நெஞ்சில் இருந்து யாரோ கல்லைத் தூக்கிக் கீழே வைத்ததுபோல் இருந்தது. இடம் கிடைக்கிறதோ இல்லையோ, இது போதும் என்று அந்த நேரத்தில் அவள் உண்மையாகவே நினைத்தாள். ஐந்தாவது வீச்சு அவ்வளவாகப் போகவில்லை. ஆறாவது கோட்டுக்கு வெளியே விழுந்தது. பரவாயில்லை.

பெல்ட்டை அவிழ்த்து அவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றி ஓரமாகக் கொண்டுவந்தாள். பிறகு காத்திருப்பு. நடுவில் எறிந்த யாரும் நாற்பதைத் தொடவில்லை. இடம் கிடைக்காவிட்டாலும் போதும் என்று நினைத்தவள்தான், பேங்க்காரர் நாற்காலியில் ஏறியதும் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். மனசு என்பது அவ்வளவுதான். பேங்க்காரரின் முதல் வீச்சே நாற்பது. மூன்றாவது நாற்பத்தொன்று புள்ளி ஐந்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கண்ணை மூடினா மட்டும் வட்டு நின்னுடுமா?" என்றார் அவர்.

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "நாலாவது, குறைச்சல்தான்." சற்றுக் கழித்து, "சிவப்பு." அதற்குப் பிறகு நீண்ட நேரம் சத்தமே இல்லை. அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டம் ஒரே குரலில் என்னவோ சொன்னது. "என்னங்க?" என்றாள். "என்னன்னு சொல்லுங்களேன்." கண்ணைத் திறந்தாள். அவர் அழுதுகொண்டிருந்தார், வாயைத் திறக்காமல், தோள் மட்டும் குலுங்க. எதிரே பலகையில் பேங்க்காரரின் கடைசி வீச்சு வந்திருந்தது. நாற்பத்தொன்று புள்ளி மூன்று.

பேங்க்காரர் சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்து அவருக்குக் கைகொடுத்தார். "அண்ணே, எனக்கும் சேர்த்து எறிஞ்சிட்டு வாங்க" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அக்கா, எனக்கும் ஒரு தடவை நீங்க கட்டிவிடணும். நீங்க கட்டினதப் பாத்து எனக்கே பயமாயிடுச்சு" என்றார். நல்ல மனுஷன் என்று முன்பே சொன்னேன்.

திரும்பி வரும்போது பாராலிம்பிக்குக்குத் தேர்வானவரால் உட்கார முடியவில்லை. லோடு வண்டியின் பின்பக்கத்தில் சாக்கு விரித்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவள் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நாற்காலியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. டிரைவரை ஓட்டவிட்டு வெல்டரும் பின்னால் ஏறிக்கொண்டார். சந்தோஷத்தில் அவர் வாய் ஓயவில்லை. கடைசியில் அளவு அறையில் நடந்ததை அவள் சொன்னாள். மழைக்காலத்துத் தழும்பு, இரண்டு விரல் ஃபோம், வழுக்கை நடுவர் எல்லாம்.

வெல்டர் கேட்டுக்கொண்டே வந்தவர் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏன் தங்கச்சி, ஃபோம் வேணும்னா சட்டத்துல ரெண்டு விரல் அறுத்துட்டு வச்சிருக்கலாமே? உயரம் கணக்கு சரியாப் போயிருக்கும். மெத்தையும் இருந்திருக்கும்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். நாலு கால். நாலு வெட்டு.

"எவ்வளவு நேரம் ஆகும்ணே?"

"என்ன ஆகும், ஒரு டீ குடிக்கிற நேரம். பக்கத்துக் கடையிலதான உட்கார்ந்திருக்கேன். மச்சானுக்கு அடியில குத்துதுன்னு ஒரு வார்த்தை யாராவது சொன்னீங்களா? எட்டு வருஷமா?"

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?" என்றாள் அவள்.

"ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். வெல்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வலிக்குது" என்றார்.

அப்படியொரு வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை. வருத்தப்பட வேண்டிய நேரத்தில், என்ன காரணத்தாலோ மனசு நிறைந்துவிட்டது.

"எங்க?"

"எங்கேன்னு கேக்குற? அடிமுதுகு. ரெண்டு தொடையிலயும் பெல்ட் பதிஞ்ச இடம் எரியுது. வலது தோள், அது மூணு வருஷமா. அந்தக் கடப்பாரை விழுந்த விரல் குளிர்ல இன்னும் குடையுது."

"அப்புறம்?"

"நீ குடுத்த தலகாணி சரியில்ல, கழுத்து பிடிச்சுக்குது."

"அதையும் இப்பத்தான் சொல்றீங்க" என்று அவள் அவர் தலைக்கு அடியில் தன் மடியைக் கொடுத்தாள். "ம், சொல்லுங்க."

வெல்டர் சிரித்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மடியில் கிடந்தவர் சொல்லத் தொடங்கினார். வீடு வந்து வண்டி நின்ற பிறகும் பாக்கி இருந்தது.